இரண்டடிக் குழாயும் ஐந்தடி மண்ணும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். மாதவரத்துக்கும் மணலிக்கும் இடைப்பட்ட பகுதியில் உங்களுக்கும் தம்பிக்கும் பொதுவாக 3 ஏக்கர் 20 சென்ட் பூர்வீக நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நஞ்சை, இருபது ஆண்டுகளாகத் தரிசு. தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்காக ஒரு வாய்க்கால் அதைக் கடந்து போகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள 1 ஏக்கர் 20 சென்ட் பள்ளமான இடம். ஐப்பசியில் நிற்கத் தொடங்கும் நீர் தை வரை அங்கே கிடக்கும், கோரையும் சம்பும் முளைக்கும், நாரைகள் இறங்கும். மனைப்பிரிவு போட முன்வந்துள்ள புரோமோட்டர், வாய்க்காலில் இரண்டடி விட்டமுள்ள குழாயைப் பதித்து மூடிவிடலாம், பள்ளத்தை ஐந்தடிக்குச் சவுடு மண் அடித்து உயர்த்திவிடலாம், பட்டா நிலமாதலால் யாரும் கேட்க முடியாது என்கிறார். தம்பிக்குச் சம்மதம். "வாய்க்காலைத் தொட்டா தண்ணி நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்கிறார் அம்மா. நிலத்துக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளியிருக்கும் உங்கள் வீட்டுக் கூடத்தில் 2015லும் 2023லும் முழங்கால் அளவு நீர் நின்றிருக்கிறது. இரண்டடிக் குழாய் போதுமா என்பது உங்கள் கேள்வி.

போதாது. ஏன் போதாது என்பதைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன். ஆனால் குழாயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். வடிகால் வடிவமைப்பு வேலையில் முப்பது ஆண்டுகள் கழித்த எனக்குத் தெரிந்தவரை, ஒரு நீர்நிலை கெடுவது அதன்மேல் கட்டடம் எழும்பும் நாளில் அல்ல; முதல் லோடு சவுடு பள்ளத்தில் கொட்டப்படும் நாளிலேயே அது கெட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு போடுகிற வடிகாலும் சிறுபாலமும் மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடும் வேலைதான். நீங்கள் இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, ஒரு லோடும் இறங்கவில்லை என்று எழுதியிருப்பதால்தான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதத் துணிகிறேன்.

பள்ளத்தின் பரப்பு 1 ஏக்கர் 20 சென்ட், அதாவது ஏறக்குறைய 4,850 சதுர மீட்டர். மழைக்காலத்தில் அதில் சராசரியாக ஒன்றரை அடி நீர் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால், அந்த ஒரு பள்ளம் 22 லட்சம் லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கோடையில் உங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 185 லாரி நீர். பள்ளத்தை மண் போட்டு நிரப்பிவிட்டால் அந்த 185 லாரி நீரும் இல்லாமல் போய்விடாது. மழை அதே அளவு பெய்யும். மேற்கிலிருந்து வருகிற நீர் அதே அளவு வரும். உட்கார இடமில்லாமல் அது வந்த வழியே பின்வாங்கி, அடுத்த தாழ்ந்த இடத்தைத் தேடும். உங்கள் மனைப்பிரிவு ஐந்தடி உயர்ந்து நிற்கும்போது அதற்கு மேற்கே அடுத்த தாழ்ந்த இடம் எது என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நீரியல் பாடம் படித்த பலர் ஒரு பக்கத்துக்கு எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இதோடு புதிதாக உண்டாகும் நீரையும் சேர்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். உங்கள் 3 ஏக்கர் 20 சென்டில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 13 லட்சம் லிட்டர் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது சென்னைக்கு ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் என்பது அபூர்வம் அல்ல. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் இந்த மழையின் ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி புல்லிலும் குழியிலும் தங்கும், மீதி மெதுவாக நகர்ந்து சில மணி நேரம் கழித்து வாய்க்காலைச் சேரும். மாடியும் சிமென்ட் முற்றமும் தார்ச்சாலையும் வந்தபின் அதே மழை ஏறக்குறைய முழுவதுமாக, அதுவும் சில நிமிடங்களில், வாய்க்காலுக்கு வந்து நிற்கும். ஆகவே நிலத்தை மேம்படுத்தியபின் வாய்க்கால் முன்னைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். புரோமோட்டர் அதைக் குழாயாகச் சுருக்கப் பார்க்கிறார்.

உங்கள் அளவுப்படி வாய்க்காலின் அடி அகலம் 6 அடி, மேல் அகலம் 12 அடி, ஆழம் மூன்றரை அடி. குறுக்குவெட்டுப் பரப்பு 31.5 சதுர அடி. இரண்டடி விட்டக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 3.14 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு. கான்கிரீட் குழாயின் உட்புறம் வழவழப்பானது, அதில் நீர் வேகமாக ஓடும் என்று புரோமோட்டரின் பொறியாளர் வாதிடலாம். அகலமான வாய்க்காலில் கரையின் உராய்வு நீரின் பெரும்பகுதியைத் தொடுவதில்லை என்பதால் அந்தச் சாதகம் அங்கேயே அடிபட்டுப் போகும். இன்னொரு வேறுபாடும் உண்டு. வாய்க்கால் நிரம்பினால் கரையைத் தாண்டி இருபுறமும் பரவி, மழை விட்டதும் திரும்பி வந்துவிடும். குழாய் நிரம்பினால் நிரம்பியதுதான். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு லிட்டரும் மேற்கே தேங்கும்.

இது தாளில் போடும் கணக்கு. களத்தில் குழாயின் கதி இதைவிட மோசம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த அடுத்த வாரம் வடசென்னையின் ஒரு குடியிருப்பில், பெயர் வேண்டாம், இதே போல வாய்க்காலை மூடிப் பதித்த ஒரு குழாயின் வாயருகே நின்றேன். மேல்புறத்தில் இடுப்பளவு நீர். பத்தடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் கணுக்கால் அளவுகூட இல்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் கொக்கி போட்டு இழுக்க இழுக்க, ஆகாயத்தாமரைச் சுருள்கள், இரண்டு தென்னை மட்டைகள், பால் கவர்கள், ஒரு கிழிந்த கோரைப்பாய், கடைசியில் பாதி நசுங்கிய பிளாஸ்டிக் குடம் ஒன்று வெளியே வந்தன. குடம் வந்ததும் குழாய் ஒரு முறை கொப்பளித்துவிட்டு ஓடத் தொடங்கியது. குழாய் உடையவில்லை, சரியவில்லை, வரைபடத்தில் காட்டியபடியேதான் இருந்தது. அதை அங்கீகரித்தவர் வரைபடத்தில் குடத்தை வரைந்திருக்க முடியாது. திறந்த வாய்க்காலில் அதே குடம் மிதந்து போயிருக்கும், அல்லது கரையில் நிற்கிற யாராவது ஒருவர் கழியால் தள்ளிவிட்டிருப்பார்.

இந்த நீர் உங்கள் நிலத்தைக் கடந்து எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடலாம்; பள்ளத்தின் மதிப்பு அப்போதுதான் விளங்கும். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடி எண்ணூரை நோக்கிப் போகிறது. உங்கள் பகுதியின் சிறு வாய்க்கால்கள் பலவும் ஏதோ ஒரு வழியில் அதையோ, பக்கிங்காம் கால்வாயையோ சேர்கின்றன. பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறும் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி அதே எண்ணூர்க் கழிமுகத்துக்குத்தான் வருகிறது. ஆக, இத்தனை நீருக்கும் கடைசி வாசல் ஒன்றே: எண்ணூர் முகத்துவாரம். அந்த வாசலில் மணல் திட்டு விழுகிறது. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலின் ஓதம் ஏறுகிறது. ஓதம் ஏறுகிற நேரத்தில், அதிலும் புயல் கரையை நெருங்கும் நாளில், முகத்துவாரம் நீரை வாங்காது. அந்தச் சில மணி நேரம் நீர் உள்நாட்டில் எங்காவது காத்திருக்க வேண்டும். ஏரியும், தாங்கல் என்னும் சிறு ஏரியும், கழுவெளி என்னும் உப்புநீர்ச் சதுப்பும், நஞ்சைப் பள்ளமும் அந்தக் காத்திருப்புக்கான இடங்கள். திருவொற்றியூரில் தாங்கல் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தாங்கிய நீரைக் காணோம், பெயர் மட்டும் மிச்சம். உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட் தனியாக ஊரைக் காப்பாற்றிவிடாது. ஆனால் அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட பள்ளங்கள் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு குடும்பத்தின் நியாயமான காரணத்தோடு, நிரப்பப்பட்டு வந்ததன் கூட்டுத்தொகைதான் 2023இல் உங்கள் கூடத்தில் நின்றது. மாநகராட்சி ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலை வடிநிலப் பகுதியில் போட்டுவரும் மழைநீர் வடிகால்களும் தெருநீரைக் கொண்டுபோய் இதே வாய்க்கால்களில்தான் விட்டாக வேண்டும். வாய்க்கால் இல்லாத இடத்தில் வடிகால் வெறும் நீளமான தொட்டி.

பள்ளம் நீரைத் தாங்குவதோடு நிற்பதில்லை. மெதுவாக நிற்கிற நீரில் வண்டல் அடியில் படிகிறது. கோரையும் சம்பும் கழிவுநீரில் வரும் சத்துகளை உறிஞ்சுகின்றன. ஒரு பங்கு நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மிஞ்சி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிய கதை உங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. அதற்கு எதிராக இருக்கிற சில தடைகளில் மேலிருந்து இறங்கும் இந்த நன்னீரும் ஒன்று. புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் கெண்டையும் கெளுத்தியும் திறந்த வாய்க்காலில் ஏறும். 150 மீட்டர் நீள இருட்டுக் குழாயில் ஏறுவது கடினம்.

இனி பட்டாவைப் பற்றி. "பட்டா நிலம், யாரும் கேட்க முடியாது" என்பது பாதி உண்மை. வாய்க்கால் உங்கள் பட்டாவுக்குள்தான் இருக்கிறதா என்பதை யாராவது பார்த்தார்களா? வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடத்தின் நகலும், உங்கள் புல எண்ணுக்கும் சுற்றியுள்ள புல எண்களுக்குமான புலப்படங்களும், ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் 'அ' பதிவேட்டின் சான்றிட்ட நகலும் வாங்குங்கள். புலப்படத்தில் வாய்க்கால் தனி உட்பிரிவாகவோ தனிப் புல எண்ணாகவோ காட்டப்பட்டு, 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அது அரசின் நிலம். அதில் குழாய் போடும் பேச்சே எழாது. நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளைப் பொறுத்தவரை 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும், மற்ற அரசு நிலங்களுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் இருக்கின்றன. இன்றைய பதிவில் வாய்க்கால் காணவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது சில இடங்களில் பழைய விவரங்கள் விடுபட்டிருக்கின்றன. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டை மாவட்ட அலுவலகத்திலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தேடலாம். நேரில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 2018 வரை உங்கள் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்ததால், பழைய கோப்புகள் சென்னையில் இல்லை என்று கைவிரித்தால் அங்கேயும் ஒரு மனு போட வேண்டியிருக்கும்.

வாய்க்கால் உண்மையிலேயே உங்கள் பட்டாவுக்குள் இருந்தாலும், மேட்டு நிலத்துக்காரரின் நிலத்தில் விழுந்த நீர் இயல்பாகத் தாழ்ந்த நிலத்துக்கு வடிவதைத் தடுக்கக் கூடாது என்பது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தன் 7ஆம் பிரிவின் விளக்கத்திலேயே எடுத்துச் சொல்கிற விதி. உங்களுக்கு மேற்கே இருப்பவர்கள் எல்லோரும் அந்த உரிமை உள்ளவர்கள். வேடிக்கை என்னவென்றால், உங்கள் சொந்த வீடும் அதில் ஒன்று.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் உங்கள் பள்ளத்தைக் காப்பாற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக இல்லை. அந்த விதிகள் நெல்வயல்களையும், ஆற்றுத் தடங்களையும், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும், உப்பளங்களையும் தம் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த நாட்டுக்கு இது பொருந்தாத வரையறை என்பது என் தனிப்பட்ட கருத்து. சட்டம் கைவிட்ட இடம் என்பதால் நீர் அங்கே வராமல் இருக்கப் போவதில்லை. கடற்கரை ஒழுங்காற்று விதிகள் ஓதம் எட்டும் இடம் வரைதான் செல்லும்; கோடை உச்சியில் நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் ஐந்து பங்குக்குக் குறையாமல் இருக்கும் இடமே அதற்கு அளவுகோல். உங்கள் நிலம் அதற்கு மேலே இருப்பதாகத் தெரிகிறது. சடையங்குப்பம், காட்டுக்குப்பம் பக்கத்து வாசகர்கள் இதைத் தங்களுக்குத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

அங்கீகாரம் இல்லாமல் மனை போட்டு விற்கும் வழி உங்களுக்குக் கிடையாது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதற்குப் பிறகு, அங்கீகாரமற்ற புதிய மனைகளைப் பதிவு செய்ய முடிவதில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு விண்ணப்பம் போகும்போது வெள்ள நீர்த் தேக்கம் பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்கப்படும். அந்தச் சான்றில் வாய்க்காலின் அகலம், நிலத்தை எந்த மட்டத்துக்கு உயர்த்தலாம், சிறுபாலம் எந்த அளவில் அமைய வேண்டும் என்பதற்கான நிபந்தனைகள் இருக்கும். சான்று வாங்கிய பிறகு அந்தப் பக்கத்தைப் பலரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள். அதற்கு முன்பே மண் அடித்துவிட்டு, உயர்த்திய மட்டத்தையே இயற்கை மட்டம் என்று காட்டி விண்ணப்பிக்கும் பழக்கம் இருக்கிறது. புரோமோட்டர் "முதலில் மண் அடித்துவிடலாம், அப்ரூவல் பின்னால் வரும்" என்று அவசரப்பட்டால் அதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

அப்படியானால் நிலத்தை என்ன செய்வது? மனை போடவே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. மேற்கே இருக்கிற 2 ஏக்கர் மேடு. அங்கே தாராளமாகப் போடலாம். வாய்க்காலைத் திறந்தபடியே விடுங்கள். அதன் ஒரு கரையில் பொக்லைன் இறங்கித் தூர்வார நான்கு மீட்டர் அகலமும், மறு கரையில் இரண்டு மீட்டரும் வெறுமனே விட்டு, அதில் வேலி, சுவர், கழிவறைத் தொட்டி எதுவும் வராதபடி மனைப்பிரிவு வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். சாலை வாய்க்காலைக் கடக்கும் ஓரிடத்தில் மட்டும் சிறுபாலம் போதும். அதுவும் குழாயாக இல்லாமல் வாய்க்காலின் முழு அகலத்துக்குமான பெட்டி வடிவ கான்கிரீட்டாக, அதன் தளம் வாய்க்காலின் அடிமட்டத்துக்கு அரை அடி கீழே இருக்கும்படி அமையட்டும். தளம் மேலே தூக்கி நின்றால் அதுவே ஒரு சிறு அணையாகி, கோடையிலும் அழுக்கு நீர் தேங்கிக் கொசு பிடிக்கும்.

கிழக்குப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் என் முதல் பரிந்துரை. உங்கள் நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டது என்பதால் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு எப்படியும் ஒதுக்கித் தர வேண்டும். பள்ளத்தையே அந்த ஒதுக்கீடாகக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். பூங்காவைப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி அமைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும். பெருமழையில் பூங்காவில் ஒரு நாள் அரை அடி நீர் நின்றால் ஊஞ்சலுக்கு ஒன்றும் ஆகாது. பள்ளத்தில் ஒரு பகுதியையாவது பயன்படுத்தியே தீர வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தால், மண் அடிக்காமல் தூண்கள்மேல் கட்டும் வீடுகளுக்கு மட்டும் அதை ஒதுக்குங்கள். தரைமட்டம் வண்டி நிறுத்த இருக்கட்டும், வெள்ளம் வந்தால் தூண்களுக்கிடையே நீர் வந்து போகட்டும். பிறகு யாரும் அந்தத் தூண்களுக்கிடையே சுவர் எழுப்பிவிடாமல் பார்த்துக்கொள்வது, வடசென்னையில், கட்டுவதைவிடக் கடினமான வேலை.

மேட்டுப் பகுதியில் கொஞ்சம் மண் அடிக்க வேண்டியிருந்தால் எந்த மண் என்று கேளுங்கள். பள்ளம் முழுவதற்கும் ஐந்தடி என்றால் 2,600 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி), மூன்று யூனிட் லாரியில் ஏறத்தாழ 870 லோடு. இவ்வளவு சவுடும் வேறொரு ஏரியின் வயிற்றிலிருந்தோ, யாரோ ஒருவரின் வயலிலிருந்தோதான் வர வேண்டும். கனிம வளத் துறையின் நடைச்சீட்டு ஒவ்வொரு லோடுக்கும் இருக்க வேண்டும். விலை குறைவு என்று கட்டட இடிபாட்டு ரப்பீஷும் அனல்மின் நிலையச் சாம்பலும் அந்தப் பக்கம் சுற்றுவது உங்களுக்குத் தெரியும். ஈரமான இடத்தில் சாம்பலைப் போட்டால் அதிலுள்ள உலோகங்கள் நீரில் கசிந்து வாய்க்கால் வழியே கழிமுகத்துக்குப் போகும். கீழே இருப்பவர்கள் சாப்பிடும் நண்டிலும் இறாலிலும் அது திரும்பி வரும். 2023 டிசம்பரில் மணலிப் பக்கத்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், எண்ணூர் மீனவர்களின் படகிலும் வலையிலும் போய் அப்பியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வழித்தடத்தை விளக்க வேண்டியதில்லை.

கழிவுநீரைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் குடியேற்றத்துக்குப் பின் வாய்க்காலைக் கொல்வது அதுதான். பாதாளச் சாக்கடை வராத மனைப்பிரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டேங்க் வரும், அதன் வெளிநீருக்கு உறைகிணறு வரும். நிலத்தடி நீர் மூன்றடியில் நிற்கும் மழைக்காலத்தில் உறைகிணறு நீரை வாங்காமல் திருப்பித் தரும். அப்போது ஒருவர் இரவோடு இரவாக மூன்று அங்குலக் குழாயை வாய்க்காலுக்குத் திருப்புவார். மறு மழைக்குத் தெருவே திருப்பியிருக்கும். ஆறு மாதத்தில் நீர் கறுக்கும், ஆகாயத்தாமரை மூடும், "நாற்றம் தாங்கவில்லை, மூடித் தாருங்கள்" என்று குடியிருப்போர் நலச் சங்கமே மனுக் கொடுக்கும். வாய்க்கால்கள் மூடப்பட்ட வரலாற்றில் பாதி இப்படி எழுதப்பட்டதுதான். ஆகவே மனைப்பிரிவு முழுவதற்குமான சிறு சுத்திகரிப்பு அமைப்பையோ, குறைந்தபட்சம் நீர் கசியாத தொட்டியும் லாரி எடுத்துச் செல்லும் ஏற்பாடும் என்ற முறையையோ விற்பனைப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதுங்கள்.

வேலையைத் தை மாதத்தில் தொடங்கி ஆடிக்குள் மண் வேலை முழுவதையும் முடித்துவிடுங்கள். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. அந்த நேரத்தில் திறந்து கிடக்கும் மண்மேடு ஒரு வாரத்தில் வாய்க்காலில் அரை அடி சேற்றை இறக்கிவிடும். அஸ்திவாரக் குழியிலிருந்து இறைக்கும் கலங்கல் நீரை நேராக வாய்க்காலில் விடாமல் ஒரு குழியில் ஒரு நாள் நிறுத்தித் தெளியவிடச் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு இது புதிதாக இருக்கும், முணுமுணுப்பார்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புரோமோட்டர் பொது அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கேட்பார். அதில் கையெழுத்திட்டபின் உங்கள் சொல்லுக்கு நிலத்தில் மதிப்பிருக்காது. வாய்க்காலின் அகலம், மூடக் கூடாத நிபந்தனை, பள்ளத்தின் எல்லை, மண் உயர்த்தும் உச்ச மட்டம் ஆகிய நான்கையும் வரைபடத்தோடு கூட்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, மீறினால் அதிகாரம் ரத்தாகும் என்ற பிரிவையும் வழக்கறிஞரைக் கொண்டு எழுதிய பிறகே அதைப் பற்றிப் பேசுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, விற்பனையில் பங்கு பெறும் நிலச் சொந்தக்காரரையும் பொறுப்பாளியாக்க இடமுண்டு. நாளைக்கு மனை வாங்கியவரின் வீட்டில் நீர் புகுந்தால் அவர் உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் வழக்குப் போடுவார்.

உங்களுக்கு மேற்கே வேறு யாரோ ஏற்கெனவே வாய்க்காலைக் குறுக்கியிருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்கி வையுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், சிக்கல் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தேதியிட்ட புகைப்படங்களும் புகார் நகல்களும் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.

தம்பியின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. வாய்க்காலும் அதன் கரை ஒதுக்கமும் 150 மீட்டர் நீளத்துக்குப் பத்து மீட்டர் அகலம் என்றால் 37 சென்ட் போகிறது. பள்ளம் 1 ஏக்கர் 20 சென்ட் தனி. மணலிப் பக்கத்து விலையில் இது சின்ன இழப்பு என்று பேசினால் நான் நேர்மையற்றவனாவேன். ஆனால் அந்தக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் 870 லோடு சவுடின் விலையும், அதை அடித்து இறுக்கும் செலவும், நீர் நின்ற சேற்றின் மேல் கட்டும் வீட்டுக்குத் தேவைப்படும் ஆழ அஸ்திவாரத்தின் செலவும் இருக்கின்றன. பள்ளத்தில் போட்ட மனை முதல் மழைக்குப் பிறகு எந்த விலைக்கு மறுவிற்பனையாகிறது என்று பக்கத்து நகர்களில் தம்பியையே விசாரித்து வரச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அது அவரிடம் எடுபடும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது, உரிமம் பெற்ற அளவையர் ஒருவரை அமர்த்தி நிலம் முழுவதற்கும் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மட்டம் எடுப்பது. வாய்க்காலின் அடிமட்டம், இரு கரை, மேற்கே உங்கள் தெரு, உங்கள் வீட்டு வாசற்படி, கீழ்ப்புறத்தில் வாய்க்கால் அடுத்த சாலையைக் கடக்கும் பாலத்தின் அடிமட்டம் ஆகியவையும் அதில் வர வேண்டும். வாய்க்கால் திரும்பும் இடத்தில் ஒரு பனைமரம் இருப்பதாகவும், வெள்ளம் அந்தப் பனையடி வரை ஏறும் என்று அம்மா சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அளவையர் வரும் காலையில் அம்மாவையும் நாற்காலி போட்டு அங்கே உட்கார வையுங்கள். 2015இல் நீர் பனையில் எந்தக் கணு வரை நின்றது, 2023இல் எது வரை நின்றது என்று அவர் காட்டுகிற இடத்தில் அளவுகோலைப் பிடித்து, அந்த மட்டத்தையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த வரைபடம் கைக்கு வந்ததும் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். சிறுபாலத்தின் அளவைப் போட்டுத் தருகிறேன். அதுவரை ஒரு லோடும் இறங்க வேண்டாம்.